வீட்டுக் கேட் கோணிவிட்டது, மூலைவிட்டம் 8 மி.மீ. வித்தியாசம். நேராக்க முடியுமா?

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி பக்கம்) | சனி, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். பழைய மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் செய்து, ஆறு மாதமாக அங்கே வெல்டிங் பழகி வருகிறேன். எனக்குத் தொழில் இதுவல்ல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை தானாக ஹோல்டரைத் தேடுகிறது. இரண்டு ஸ்டூல், ஒரு தொட்டி ஸ்டாண்டு, தேங்காய் உரிக்கும் கம்பிக்கு ஒரு பீடம், இதெல்லாம் நன்றாகவே வந்தன. அந்த தைரியத்தில் தோட்டத்துப் பக்க வாசலுக்குக் கேட் ஒன்று ஆரம்பித்தேன்.

அகலம் 1200, உயரம் 1600. சட்டம் 40-க்கு 40 ஸ்கொயர் டியூப், 2 மி.மீ. கனம். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். கீழ்ப்பாதிக்கு 12 மி.மீ. சதுரக் கம்பி ஒன்பது வைத்து வெல்டு ஓட்டிவிட்டேன். மேல்பாதிக்கு இன்னும் வைக்கவில்லை. வெல்டிங் மெஷின் 200 ஆம்ப் இன்வெர்ட்டர். ராடு (உருக்கி ஓட்டும் வெல்டிங் குச்சி) 6013 ரகம், 2.5 மி.மீ.

சிமென்ட் தரையில் வைத்து, ஒவ்வொரு மூலைக்கும் மூலைமட்டம் பிடித்துத்தான் ஓட்டினேன். ஒரு மூலையைச் சுற்றிலும் முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனேன். எல்லாம் முடிந்து அளந்தால் ஒரு மூலைவிட்டம் 2004, இன்னொன்று 1996. தரையில் போட்டால் ஒரு மூலை 11 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. கீழ்ச்சட்டம் நடுவில் 3 மி.மீ. கீழ்நோக்கி வளைந்திருக்கிறது.

இதுவரை 23 கிலோ இரும்பு போயிருக்கிறது. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய் என்கிறார் அப்பா. எனக்கு மனம் வரவில்லை. நேராக்க வழி இருக்கிறதா? மூலைமட்டம் பிடித்தும் ஏன் இப்படி ஆனது?

முக்கோணம் | சனி, இரவு 9:48

கணக்கு மட்டும் சொல்கிறேன், கைவேலையைப் பெரியவர்கள் சொல்வார்கள். 1200, 1600 என்றால் மூலைவிட்டம் சரியாக 2000 வர வேண்டும், 3-4-5 கணக்கு. ஒன்று 4 கூடி இன்னொன்று 4 குறைந்திருப்பதால் பக்க அளவுகளில் தவறில்லை. நீங்கள் வெட்டியது சரி, சட்டம்தான் சாய்ந்துவிட்டது. 8 மி.மீ. வித்தியாசத்துக்கு உச்சியில் சாய்வு சுமார் 6.7 மி.மீ. வரும்.

மூலைமட்டம் ஏன் காட்டவில்லை என்று கேட்டீர்கள். 1600-ல் 6.7 சாய்வு என்பது 100 மி.மீ. மூலைமட்டத்தில் அரை மி.மீ. கூடக் கிடையாது. கண்ணுக்குப் பிடிபடாது. மூலைமட்டம் துண்டு வெட்டத்தான். சட்டம் சேர்க்க டேப்பும் மூலைவிட்டமும்தான்.

ஈரோடு பட்டறை | சனி, இரவு 10:20

தம்பி, பதினெட்டு வருடமாக கேட், கிரில் செய்துதான் குடும்பம் நடத்துகிறேன். என் யோசனை, நான்கு மூலையையும் அறுத்துத் திரும்பச் சேர்ப்பதுதான். நேராக்குகிறேன் என்று சுத்தியலை எடுத்தால் 2 மி.மீ. டியூப் பள்ளம் விழும், பிறகு பட்டி பார்த்து மறைக்க வேண்டும். அறுத்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மி.மீ. போகும், கேட் 1198 ஆகும், அவ்வளவுதான். கேட்டுக்கும் தூணுக்கும் நடுவே அந்த இடம் இருக்கத்தானே போகிறது.

இனிமேல் முழுசாக ஓட்டாமல் முதலில் டேக் (பொட்டு போல ஒரு சின்ன வெல்டு) மட்டும் வையுங்கள். எல்லா இடத்திலும் டேக், பிறகு அளவு, அதற்குப் பிறகுதான் ஓட்டு.

துவாக்குடி ஃபோர்மேன் | ஞாயிறு, காலை 6:35

தென்னந்தோப்பு தம்பி, கேட்டைக் கடைக்குப் போட வேண்டாம். ஈரோடு நண்பர் சொல்வதிலும் தவறில்லை, அவருக்கு ஒரு நாள் கூலி முக்கியம். உங்களுக்கு நேரம் இருக்கிறது, கற்றுக்கொள்ளவும் ஆசை இருக்கிறது. அதனால் நான் வேறு வழி சொல்கிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம் வெல்டர் படித்துவிட்டு, திருச்சி பெல் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த துவாக்குடி பட்டறைகளில் 31 வருடம் வேலை பார்த்தவன். பாய்லர் பைப்பில் பார்த்ததும் வீட்டுக் கேட்டில் நடப்பதும் ஒன்றுதான்: உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். 1500 டிகிரியில் உருகியது அறை வெப்பத்துக்கு வருவதற்குள் 40 மி.மீ. ஓட்டு (வெல்டு) ஒன்று அரை மி.மீ.க்கு மேல் சுருங்கப் பார்க்கும். பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த இரும்பு விடாது. இந்த இழுபறியில் மிஞ்சுவதுதான் உங்கள் கோணல். மெஷின், ராடு எதன் மேலும் குறை இல்லை. எந்தப் பக்கம் ஓட்டுகிறோமோ அந்தப் பக்கம் குட்டையாகும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கேட்டைப் பாருங்கள், மூன்று கோளாறுக்கும் காரணம் தெரியும்.

முதலில் கீழ்ச்சட்டம். ஒன்பது கம்பியையும் அதன் மேல்முகத்தில் ஓட்டினீர்கள். மேல்முகம் சுருங்கியது, அதனால் நடுப்பகுதி கீழே தொங்குகிறது. நடுச்சட்டத்தையும் பாருங்கள், அது 2 மி.மீ. அளவுக்கு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு ஓட்டு கீழ்முகத்தில். நடுச்சட்டத்தைத் தொடாதீர்கள். மேல்பாதிக் கம்பியை ஓட்டும்போது அதன் மேல்முகமும் சுருங்கும், தானாக இறங்கிவிடும்.

கீழ்ச்சட்டத்துக்கு வைத்தியம், அதே இழுப்பை எதிர்ப்பக்கம் கொடுப்பது. கேஸ் டார்ச் இருந்தால் வெளிமுகத்தில் பட்டையாகச் சூடு கொடுத்து ஆறவிடலாம். உங்களிடம் இருக்காது. கேட்டைத் தலைகீழாக நிறுத்தி, கீழ்ச்சட்டத்தின் அடிமுகத்தில், கம்பிக்கு நேர் எதிரே, குறுக்காக 30 மி.மீ. ஓட்டு ஒன்று போடுங்கள். நடுக்கம்பிக்கு எதிரே ஒன்று, அதற்கு இரு பக்கமும் இரண்டு கம்பி தள்ளி ஒவ்வொன்று. மூன்று போதும். கை வைக்கிற அளவு ஆறிய பிறகு நூல் பிடித்து அளந்து பாருங்கள். குறைந்தால் இன்னும் ஒன்று. பிறகு இரும்பு தேய்க்கும் கிரைண்டரால் அரைத்துவிடலாம், அடியில் யாரும் பார்க்கப் போவதில்லை.

அடுத்து சாய்வு. முதலில் ஒன்பது கம்பிக்கும் மேல்முனை வெல்டை மட்டும் அறுத்துவிடுங்கள். நடுச்சட்டத்தின் ஒரு முனையையும் அறுங்கள். இல்லையென்றால் இவை சட்டத்தை நகரவிடாது. குட்டை மூலைவிட்டத்தின் இரண்டு முனையிலும் கோணம் 90-க்கு மேல் விரிந்திருக்கும். அந்த இரண்டு மூலைக்கும் உள்பக்க வெல்டை மெல்லிய கட்டிங் வீலால் அறுங்கள். நீள மூலைவிட்டத்தின் முனைகளில் கோணம் குறுகியிருக்கும், அங்கே வெளிப்பக்க வெல்டை அறுங்கள். எந்த மூலையையும் முழுசாகப் பிரிக்க வேண்டாம், பாதி வரை போதும். பிறகு லாரியில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டை நீள மூலைவிட்டத்தில் போட்டு இறுக்குங்கள். இரண்டு மூலைவிட்டமும் சமம் ஆனதும் நிறுத்தாதீர்கள். பெல்ட்டை விட்டால் திரும்பும். 3 மி.மீ. எதிர்ப்பக்கம் கூடுதலாக இழுத்து, டேக் வைத்து, பெல்ட்டைத் தளர்த்தி அளந்து, பிறகு ஓட்டுங்கள்.

கடைசியில் முறுக்கு. தூக்கி நிற்கும் மூலைக்கு இரண்டு பக்கத்திலும் உள்ள மூலைகளுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள். தூக்கி நிற்கும் மூலையையும் அதற்குக் குறுக்கே உள்ள மூலையையும் கீழே அழுத்துங்கள். ஆள் ஏறி நின்றாலே போதும், சட்டம் முறுக்குக்கு இளகும். அழுத்து, விடு, அளந்து பார்.

முக்கோணம் | ஞாயிறு, காலை 8:02

ஐயா சொன்னதற்கு ஒரு கணக்கு. 45 டிகிரியில் வெட்டிய மூலையின் நீளம் சுமார் 57 மி.மீ. உச்சியில் 6.7 மி.மீ. சாய்வைச் சரிசெய்ய அந்த மூலையில் மூட வேண்டிய இடைவெளி கால் மி.மீ.தான். கட்டிங் வீல் போகும் தடமே ஒரு மி.மீ. இருக்கும், தாராளமாக இடம் கிடைக்கிறது. இதையே திருப்பிப் பார்த்தால், வெட்டும்போது கால் மி.மீ. தவறினாலும் கேட் இவ்வளவு சாயும்.

மொட்டைமாடி (மதுரை) | ஞாயிறு, காலை 9:15

தென்னந்தோப்பு, உங்கள் டியூப் பூச்சில்லாத கறுப்பு டியூப்தானே? துத்தநாகம் பூசிய ஜி.ஐ. டியூப் இல்லையே? நான் பட்டதைச் சொல்கிறேன், இந்த இழையைப் படிக்கும் யாருக்காவது உதவும்.

போன வருடம் மாடியில் பாகல், புடலைக்குப் பந்தல் போட, வீட்டில் கிடந்த பழைய ஜி.ஐ. தண்ணீர்க் குழாயை எடுத்து மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து ஓட்டினேன். மழை பெய்துகொண்டிருந்ததால் வெளியே போகவில்லை. ஓட்டும்போதே வெள்ளைப் புகை, வெல்டைச் சுற்றி மாவு தூவியது போல வெள்ளைத் தூள். வாயில் செம்புக்காசு வைத்த மாதிரி ஒரு இனிப்புச் சுவை. சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. இரவு எட்டு மணிக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை, காய்ச்சல், நெஞ்சில் இறுக்கம். மலேரியாவோ என்று பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் என் கையில் இருந்த தீப்பொறித் தழும்பைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன வெல்டிங் பண்ணினீங்க" என்று கேட்டார். மறுநாள் மாலைக்குள் சரியாகிவிட்டது.

துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே அது புகையாகிப் போய்விடுகிறது. இப்போது ஜி.ஐ. வந்தால் ஓட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் 5 செ.மீ.க்குப் பூச்சை அரைத்து எடுத்துவிடுகிறேன், முகக்கவசத்தோடு, திறந்த வெளியில், காற்று என் பக்கவாட்டில் போகும்படி. அப்படியும் உள்பக்கப் பூச்சு இருக்கும், அதை எடுக்க முடியாது. அதனால் முடிந்தவரை கறுப்பு டியூப்தான் வாங்குகிறேன்.

ஈரோடு பட்டறை | ஞாயிறு, காலை 9:40

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் பட்டறையில் ஜி.ஐ. வேலை வந்தால் அன்று பசங்களுக்குப் பாலும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுப்போம்.

துவாக்குடி ஃபோர்மேன் | ஞாயிறு, காலை 10:05

பால் கொடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் புகைக்கு அது மருந்து இல்லை நண்பரே. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பால் குடித்தோம் என்ற தைரியத்தில் மூடிய அறையில் ஓட்டிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஃபேன் வைத்துப் புகையை வெளியே தள்ளுங்கள், நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். பாலுக்குச் செலவழித்ததைவிட அதுதான் அவர்களுக்குப் பலன் தரும்.

ஈரோடு பட்டறை | ஞாயிறு, காலை 10:31

சரிங்க ஐயா. ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படியே வந்துவிட்டது. ஃபேன் இந்த வாரமே போட்டுவிடுகிறேன்.

தென்னந்தோப்பு | ஞாயிறு, மதியம் 1:20

எல்லோருக்கும் நன்றி. டியூப் கறுப்புதான். ஐயா சொன்னபடி நடுச்சட்டத்தைப் போய் நூல் பிடித்து அளந்தேன். சரியாக 2 மி.மீ. மேலே வளைந்திருக்கிறது! பார்க்காமலே சொல்லிவிட்டீர்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. சாயங்காலம் ஓட்டினால் ராடு ஒட்டிக்கொள்கிறது, ஆர்க் (ராடு நுனியின் மின்சுடர்) விட்டு விட்டு வருகிறது. காலையில் அதே 80 ஆம்பில் நன்றாகப் போகும். வீட்டிலிருந்து கொட்டகைக்கு 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில்தான் எடுக்கிறேன். ராடு ஈரமா, மெஷின் கெட்டதா?

இரண்டாவது, சதுரக் கம்பியை டியூபில் ஓட்டும்போது இரண்டு இடத்தில் டியூப் ஓட்டை விழுந்துவிட்டது. ஆம்பைக் குறைத்தால் கம்பியில் பிடிக்கவில்லை.

ஒற்றை ஃபேஸ் | ஞாயிறு, மதியம் 2:45

வயர் என்ன கனம்? ஒரு சதுர மி.மீ. என்றால் அதுதான் காரணம். 80, 90 ஆம்பில் ஓட்டும்போது மெஷின் வீட்டு லைனிலிருந்து 16 முதல் 20 ஆம்ப் வரை இழுக்கும். ஒரு சதுர மி.மீ. செம்பு வயர், போய் வர 60 மீட்டர், அதன் தடை சுமார் 1.1 ஓம். 20 ஆம்ப் இழுத்தால் வயரிலேயே 22 வோல்ட் போய்விடும். சாயங்காலம் உங்கள் பக்கம் 200 வோல்ட் வந்தால் மெஷினுக்குக் கிடைப்பது 178. அது எப்படி ஆர்க் பிடிக்கும்?

2.5 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 9 வோல்ட்டாகக் குறையும், 4 போட்டால் இன்னும் நல்லது. வயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடு தங்கி உறை உருகிவிடும். முழுசாக விரித்துப் போடுங்கள். முடிந்தால் எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டு, கொட்டகைக்குத் தனி லைன், தனி எம்.சி.பி. (மின்சாரம் கூடினால் தானாக விழும் சுவிட்ச்), நல்ல எர்த் போட்டுக்கொள்ளுங்கள். மாடு கட்டிய இடம் என்கிறீர்கள், தரை ஈரமாக இருக்கும். ராடு மாட்டும்போது வியர்த்த கையோடு, செருப்பில்லாமல் நிற்கவே கூடாது. ஆர்க் இல்லாத நேரத்திலும் ஹோல்டரில் 60, 70 வோல்ட் இருக்கும்.

துவாக்குடி ஃபோர்மேன் | ஞாயிறு, மாலை 4:10

ஓட்டை விழுவதற்கு ஆம்ப் மட்டும் காரணமில்லை தம்பி. 12 மி.மீ. கெட்டிக் கம்பி நிறையச் சூடு குடிக்கும், 2 மி.மீ. டியூப் குடிக்காது. இரண்டுக்கும் நடுவில் ராடை வைத்தால் மெலிந்தது முதலில் ஓடிவிடும். ஆர்க்கைக் கம்பியில் பிடியுங்கள், கம்பி உருகிக் குளம் கட்டட்டும், அந்தக் குளத்தை மட்டும் டியூபின் மேல் ஒரு கணம் இழுத்துவிட்டுத் திரும்புங்கள். மூன்றில் இரண்டு பங்கு நேரம் கம்பியில், ஒரு பங்கு டியூபில். ஆம்ப் 65, 70 போதும். ஹோல்டரை மைனஸில் மாட்டிப் பாருங்கள், 6013 இரண்டிலும் ஓடும், மைனஸில் மெல்லிய இரும்புக்கு ஊடுருவல் குறையும்.

கம்பிக்கும் டியூபுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். அரை நூல் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி இருந்தாலே புதியவர்களுக்கு ஓட்டை விழும். இடைவெளியை ராடால் அடைப்பது கஷ்டம், கம்பியைச் சரியாக வெட்டுவது சுலபம்.

நன்றாக விழுந்த 6013 ஓட்டு எப்படி இருக்கும் தெரியுமா? ஆறும்போது மேலே படிந்த கசடு தானாகவே ஒரு முனையில் எழும்பி, பாம்புச் சட்டை போல நீளமாகக் கழன்று வரும். அடியில் சின்னச் சின்ன அலை, ஒரே அகலத்தில். சுத்தியலால் பலமுறை கொத்தி எடுக்க வேண்டியிருந்தால் ஆம்பு குறைவு அல்லது கை வேகம் சரியில்லை என்று அர்த்தம். பார்த்துக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

ஈரோடு பட்டறை | ஞாயிறு, மாலை 5:02

கம்பி ஓட்டுவது பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரி வீட்டுக் கேட்டுக்குக் கம்பியைச் சுற்றி நான்கு பக்கமும் ஓட்டத் தேவையில்லை. எதிரெதிர் இரண்டு பக்கம், ஒவ்வொன்றும் 10 மி.மீ. போதும். சூடு குறையும், கோணல் குறையும், ராடும் மிச்சம். என் கேட்டில் இப்படி வைத்த கம்பி ஒன்றுகூட இதுவரை விட்டதில்லை.

துவாக்குடி ஃபோர்மேன் | ஞாயிறு, மாலை 5:40

பலத்துக்கு நீங்கள் சொல்வது போதும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் கவலைப்படுவது தண்ணீருக்கு. ஓட்டாத இரண்டு பக்கத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். பெயின்ட் அதை மூடினது போலத் தெரியும், ஒரு மழைக்காலம் போனால் கம்பியின் அடியிலிருந்து பழுப்புக் கோடு வடியும். கீழ்ச்சட்டத்தின் மேல்முகம்தான் தண்ணீர் தங்கும் இடம். அதனால் கீழ்முனைகளை நான்கு பக்கமும் ஓட்டுங்கள், மேல்முனைகளை நண்பர் சொன்னபடி இரண்டு பக்கம் ஓட்டுங்கள்.

இன்னொன்று. சட்டத்தின் நான்கு மூலையும் முழுக்க மூடி ஓட்டினால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி வெளியேற வழி தேடும். கடைசி ஓட்டில் குளம் மூடப் போகும் நேரத்தில் "புஸ்" என்று ஊதி ஊசித்துளை விட்டுவிடும். எத்தனை முறை அடைத்தாலும் அடையாது. கீழ்ச்சட்டத்தின் அடிமுகத்தில் 5 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டு ஓட்டுங்கள். காற்றும் போகும், பிற்காலத்தில் உள்ளே இறங்கும் தண்ணீரும் வடியும்.

ஈரோடு பட்டறை | ஞாயிறு, மாலை 5:58

இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பழுப்புக் கோடு வடிந்த கேட்டுகளுக்கு ரீபெயின்ட் கேட்டு எனக்கே வந்திருக்கிறார்கள். அந்த ஊசித்துளையை நான் ராடு கோளாறு என்றே நினைத்திருந்தேன்.

விழித்திரை | ஞாயிறு, இரவு 8:30

நான் வெல்டர் இல்லை, கண் ஆஸ்பத்திரியில் ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பரிசோதிப்பவர்). எங்கள் ஊரில் இரவு பத்து மணிக்கு மேல் கண்ணைத் திறக்க முடியாமல் கைப்பிடித்து அழைத்து வரப்படுகிறவர்களில் வெல்டிங் பட்டறைப் பையன்கள் அடிக்கடி இருப்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஆர்க் வெளிச்சம் பட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும், தண்ணீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். இதற்கு உருளைக்கிழங்கு வைக்கிறார்கள், விளக்கெண்ணெய் விடுகிறார்கள், தாய்ப்பால் விடுகிறார்கள். தயவுசெய்து கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள். கருவிழியின் மேல்தோல் புண்ணாகியிருக்கும் நேரத்தில் அது கிருமிக்கு வாசலைத் திறந்துவிடுவது போல. மரத்துப்போகும் சொட்டு மருந்தை வாங்கி வீட்டில் விட்டுக்கொண்டே இருப்பதும் ஆபத்து, புண் ஆறாது.

உங்களுக்குக் கவசம் இருக்கிறது, 80, 90 ஆம்புக்கு 10-ம் எண் கண்ணாடி சரியாக இருக்கும். பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கு என்ன இருக்கிறது? கொட்டகை வாசலில் ஒரு தார்ப்பாயாவது தொங்கவிடுங்கள்.

ஆர்க்கைவிட நான் அதிகம் பயப்படுவது கிரைண்டருக்கு. வெல்டிங் கவசத்தைத் தூக்கிவிட்டு வெறும் கண்ணோடு கசடு கொத்துவார்கள், அரைப்பார்கள். சூடான இரும்புத் துகள் கருவிழியில் பதிந்தால் சில மணி நேரத்தில் அதைச் சுற்றித் துரு வளையம் கட்டிவிடும். துகளை எடுத்த பிறகு அந்த வளையத்தைத் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டும். கவசத்துக்கு அடியில் ஒரு சாதாரண பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் இருக்கட்டும்.

மொட்டைமாடி | ஞாயிறு, இரவு 9:05

கிரைண்டர் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன். கட்டிங் வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். அந்த வீல் பிசினால் ஒட்டியது, ஈரத்தில் பலம் போய்விடும். 4 அங்குல வீல் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிறது. வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதை என் கண் முன்னால் யாரும் செய்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

தென்னந்தோப்பு | அடுத்த ஞாயிறு, இரவு 7:50

ஒரு வாரமாகத் தினமும் மாலை ஒரு மணி நேரம் கேட்டோடுதான் போனது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் வயரை மாற்றினேன், 4 சதுர மி.மீ. அன்று சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது. 70 ஆம்பில் ராடு தொட்டதும் பிடித்தது. இத்தனை நாள் ராடைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலுக்குத் தார்ப்பாயும் போட்டாயிற்று, அக்கா மகன் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

கீழ்ச்சட்டம்: அடிமுகத்தில் மூன்று ஓட்டு. முதல் ஓட்டு ஆறும்போது நூலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சிவப்பாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை, சொல்லப்போனால் வளைவு கொஞ்சம் கூடினது போல இருந்தது. சிவப்பு போய் நீலம் ஆனதும் நூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த வெளிச்சக் கீற்று மெல்ல மெல்ல மெலிந்தது. இரும்பு நகர்வதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். மூன்று ஓட்டுக்குப் பிறகு 3 மி.மீ. வளைவு அரை மி.மீ. ஆனது. அதோடு விட்டுவிட்டேன்.

சாய்வுக்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. முதல் முறை இரண்டு மூலைவிட்டமும் 2000 வந்ததும் ஆசையில் அங்கேயே டேக் வைத்துவிட்டேன். பெல்ட்டை விட்டதும் 2002, 1998. ஐயா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். டேக்கை அறுத்து, 3 மி.மீ. கூடுதலாக இழுத்து வைத்தபோது விட்டதும் 2000, 2000. முழுசாக ஓட்டிய பிறகு ஒன்று 2000, ஒன்று 2001. இந்த முறை ஒரு மூலையில் பாதி ஓட்டிவிட்டு எதிர்மூலைக்குப் போய், ஆறவிட்டுத்தான் திரும்பினேன்.

ஒரு எச்சரிக்கை: ராட்செட் பெல்ட்டின் மேல் தீப்பொறி விழுந்து ஒரு இழை உருகி அறுந்தது. இறுக்கத்தில் இருந்த பெல்ட், முழுசாக அறுந்திருந்தால் முகத்தில் அடித்திருக்கும். இரண்டாம் முறை சங்கிலியும் டர்ன்பக்கிளும் (திருகி இறுக்கும் கொக்கி) போட்டேன்.

முறுக்கு எடுப்பதுதான் சுலபம். அப்பாவை ஒரு மூலையில் நிற்கச் சொன்னேன், எதிர்மூலையில் நான். நான்கு முறை ஏறி இறங்கினோம். 11 மி.மீ. இப்போது ஒன்றரை.

நாளை மேல்பாதிக் கம்பி வைக்கப் போகிறேன். நடுச்சட்டம் இப்போதும் 2 மி.மீ. மேலே இருக்கிறது, தொடவில்லை.

துவாக்குடி ஃபோர்மேன் | அடுத்த ஞாயிறு, இரவு 8:25

சிவந்திருக்கும்போது வளைவு கூடினது போலத் தெரிந்தது என்றீர்களே, அது உண்மைதான். சூட்டில் அந்தப் பக்கம் முதலில் விரியும், ஆறும்போதுதான் சுருங்கும். ஆறுவதற்குள் அளந்து "இன்னும் வேண்டும்" என்று அடுத்த ஓட்டு போட்டால் எல்லை தாண்டிப் போயிருக்கும். பொறுமையாக உட்கார்ந்து பார்த்தீர்கள், சந்தோஷம்.

மேல்பாதிக் கம்பியை வரிசையாக ஓட்டாதீர்கள். நடுக்கம்பி முதலில், பிறகு இரண்டு கடைசிக் கம்பி, பிறகு இடைப்பட்டவை. கீல் ஓட்டும்போதும் இதே கதைதான், ஒரே முகத்தில் நீளமாக ஓட்டினால் பக்கச்சட்டம் வளையும். கேட்டைத் தூணோடு நிறுத்தி, அடியில் ஆப்பு வைத்து, பூட்டுப் பக்கம் ஒரு நூல் உயர்த்திவிட்டுக் கீலுக்கு டேக் வையுங்கள். பாரத்தில் அவ்வளவு இறங்கும்.

ஈரோடு பட்டறை | அடுத்த ஞாயிறு, இரவு 9:00

பெயின்ட் அடிப்பதற்கு முன் கசடு எங்கேயும் மிச்சமில்லாமல் பாருங்கள், முக்கியமாகக் கம்பிக்குப் பின்பக்கம். கசடின் மேல் அடித்த ரெட் ஆக்சைடு ஒரு வருடத்தில் செதிலாக உரியும். புது டியூபில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், தின்னர் துணியால் துடைத்துவிடுங்கள். ஓட்டு வேலை எல்லாம் முடிந்து, கிரைண்டரை உள்ளே வைத்த பிறகுதான் தின்னர் டப்பாவைத் திறக்க வேண்டும். தின்னர் துணியையும் கொட்டகைக்குள் போட்டு வைக்காதீர்கள்.

தென்னந்தோப்பு | புதன், இரவு 8:15

மேல்பாதிக் கம்பி ஒன்பதும் வைத்தாயிற்று. ஐயா சொன்ன வரிசையில்தான் ஓட்டினேன். ஆறிய பிறகு நடுச்சட்டத்தில் நூல் பிடித்தால் இடைவெளி அரை மி.மீ. கூட இல்லை. அப்பாவும் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை குனிந்து பார்த்தார்.

ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்து, கொட்டகையில் சாய்த்து வைத்திருக்கிறேன். அடிமுகத்துத் துளையில் பெயின்ட் அடைத்துக்கொண்டது, ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தூணில் மாட்டுகிறோம்.